பிஸ்மார்க் இறங்கும் படிகள்

ஜான் டென்னியல் வரைந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் ஒரு கையில்தான் போய் நிற்கும். கப்பலின் பக்கவாட்டுப் படியில் பிஸ்மார்க் இறங்கிக்கொண்டிருக்கிறார். துறைமுகத்திலிருந்து கப்பலுக்கு வழிகாட்டி வந்து, வேலை முடிந்ததும் விடைபெறும் மாலுமியின் உடை, கனத்த பூட்ஸ், தடித்த மீசை. அவருடைய கை கப்பலின் உடலைத் தொட்டபடி இருக்கிறது. விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளும் கை மாதிரி தெரியவில்லை. வளர்த்த குதிரையை விற்றுவிட்டுப் போகிறவன் கடைசியாக அதன் விலாவைத் தடவுவதுபோல் இருக்கிறது. பிரஷ்யாவின் தலைமை அமைச்சராக 1862இல் தொடங்கி, ஜெர்மனியை ஒரே பேரரசாகக் கட்டி நிறுத்தியவர் அவர். அந்த 28 ஆண்டுகளும் அந்த விரல்களில் இருக்கின்றன.

மேலே, அவரைப் பதவியிலிருந்து இறக்கிய ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். தலையில் மகுடம், கப்பலின் விளிம்பில் ஊன்றிய கைகள், கீழ்நோக்கிய பார்வை. வயது 31. பார்வையில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு வேலை முடிந்ததைச் சரிபார்க்கும் நிதானம் மட்டும். பிஸ்மார்க் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவர் பார்வையும் சந்திக்காத அந்த இடைவெளியைக் கப்பலின் பெரும் பக்கச்சுவர் அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறொருவர் என்றால் அங்கே கடற்பறவையையோ கொடியையோ வரைந்திருப்பார். டென்னியல் வெறுமனே விட்டார். படத்தின் கனம் முழுக்க அந்த வெற்றுச் சுவரில்தான் இருக்கிறது என்பேன்.

லண்டனின் ‘பஞ்ச்’ இதழில் இது வந்தது 1890 மார்ச் 29 அன்று. பிஸ்மார்க்குக்கு 75 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. வரைந்தவருக்கும் அப்போது 70 வயது. இருபது வயதில் தந்தையோடு வாள்பயிற்சி செய்தபோது அவருக்கு வலக்கண் பார்வை போயிற்று. தந்தை மனம் நோகுமே என்று காயத்தின் கடுமையைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அரை நூற்றாண்டு ‘பஞ்ச்’ படங்களை ஒற்றைக் கண்ணால்தான் வரைந்தார். இந்தப் படத்தில் முதியவருக்குக் கிடைத்திருக்கும் மரியாதை, ஒரு முதியவர் கொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் பிரிட்டிஷ் அரசியல்வாதி ரோஸ்பரி பிரபு இதன் மூல வரைவை வாங்கி பிஸ்மார்க்குக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்.

இனி, கோடுகளை நெருங்கிப் பார்க்க வேண்டும். புதன்கிழமை இரவு விருந்தில் ஆசிரியர் குழு அந்த வாரப் பெரிய படத்துக்கான கருத்தை முடிவு செய்யும். டென்னியல் அதை மரக்கட்டையின் மேல் கடினமான பென்சிலால், இடவலம் மாற்றி வரைவார். வெள்ளிக்கிழமை மாலை கட்டை, அதைச் செதுக்கும் ஜோசப் ஸ்வைனின் பட்டறைக்குப் போகும். கட்டைக்கு எடுக்கும் பாக்ஸ் மரம் இரும்புபோல் இறுகியது, ஆனால் பருக்காதது. ஆகவே சிறு துண்டுகளை இணைத்துத்தான் பெரிய கட்டை செய்ய முடியும். சில பழைய அச்சுகளில் படத்தின் குறுக்கே மயிரிழை வெள்ளைக் கோடு ஓடுவது அந்த இணைப்பின் தடம்.

ஓவியருக்குப் பென்சிலை இரண்டு திசையில் ஓட்டினால் நிழல் வந்துவிடும். செதுக்குபவருக்கு அது நடக்காது. கறுப்பாக விழவேண்டிய கோடு மேடாக நிற்க வேண்டும். ஆகவே குறுக்கும் நெடுக்குமான கோடுகளுக்கு நடுவே விழும் ஒவ்வொரு பொட்டு வெள்ளையையும் உளிமுனையால் தனித்தனியே கிள்ளி எடுக்க வேண்டும். பிஸ்மார்க்கின் மேலங்கி நிழலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: அத்தனை பொட்டுகளும் ஒரு கை தொட்டு எடுத்தவை. அதுவும் இதழுக்கு நாள் நெருங்கும் அவசரத்தில்.

இந்தக் கைத்திறன் எப்போதும் நல்லதற்குத் துணைநின்றதில்லை. 1857 ஆகஸ்டில், இந்தியாவில் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி நடந்தபோது, இதே டென்னியல், பெண்ணையும் குழந்தையையும் வீழ்த்தி நிற்கும் வங்கப் புலிமேல் பிரிட்டிஷ் சிங்கம் பாய்வதாக வரைந்தார். சிங்கத்தின் பாய்ச்சல் அபாரம். அது தூண்டிய பழிவெறியோ நம் மண்ணில் ரத்தமாக ஓடியது. பிடரியின் கோடுகளை ரசிக்கும்போதே எனக்கு நெஞ்சு கசக்கிறது.

பழைய ‘பஞ்ச்’ தாள்களைப் பிரித்து, கையால் வண்ணம் தீட்டி, சட்டமிட்டு விற்கும் வழக்கம் உண்டு. வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசியவற்றில் கோடு பிழைக்கிறது. கெட்டியாகப் பூசியவற்றில் ஸ்வைன் பட்டறையின் உழைப்பு மூழ்கிப்போகிறது. முந்தைய தலைமுறையின் கில்ரே செப்புத்தகட்டில் செதுக்கிய கேலிப்படங்கள் பெரும்பாலும் கையால் வண்ணமேற்றி விற்பனைக்கு வந்தன. அவருடைய கோடு வண்ணத்துக்கு இடம் விட்டு நிற்கும். டென்னியலின் கோடு அப்படிப்பட்டதல்ல. கடலின் சாம்பல், கப்பலின் கருமை, மேலங்கியின் கம்பளி என எல்லாவற்றையும் கோட்டின் அடர்த்தியே காட்டிவிடுகிறது. வாங்க நினைப்பவர்கள் வண்ணம் தீட்டாத தாளையே கேட்டு வாங்குங்கள்.