மரபணுவும் மரபும்: ஒரு கணக்குப் பார்வை

சங்கத்தின் ஆண்டு மலருக்கு வழக்கம்போல் ஏதாவது சமணக் கல்வெட்டைப் பற்றி எழுதித் தருவேன் என்றுதான் நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். இந்தத் தடவை ஒரு புத்தகத்தையும் ஓர் எச்சில் குப்பியையும் பற்றி எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கிழக்கேகோட்டையில் அப்பா தொடங்கிய பாத்திரக் கடையில் நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன். படிப்பெல்லாம் கடை அடைத்த பிறகுதான். ஆனால் கணக்கு எழுதத் தெரியும். வம்சாவளியும் ஒருவகைக் கணக்கு என்பது என் துணிபு.

புத்தகம், ஸ்பென்சர் வெல்ஸ் 2002இல் எழுதிய ‘தி ஜர்னி ஆஃப் மேன்’. அடுத்த வருஷமே படமாகவும் வந்தது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே இறங்குகிறது. எப்போதாவது அதில் ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து, பின்வரும் ஆண் சந்ததியில் அடையாளமாக நிற்கும். அந்த அடையாளங்களைக் கோத்துக்கொண்டே போனால், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதகுலம் பரவிய பாதை தெரியும் என்பது வெல்ஸின் வாதம்.

அதில் தமிழருக்குத் தனி இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் துணையோடு ஆராய்ந்ததில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தவர் ஒருவரிடம் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் கடற்கரையோரமாக இந்தியா வழியே ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடயம் அது என்று காட்டினார்கள். கடினமான விஷயத்தைப் பாமரனும் புரிந்துகொள்ளும்படி சொன்னதும், மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதை ஆதாரத்தோடு நிறுவியதும் அந்நூலின் சிறப்பு. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குறை எங்கே என்றால், கதைக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டதில்தான். படத்தில் ஒரு மனிதர் முகம் தெரிகிறது. பார்ப்பவர் மனத்தில் ‘இவர்தான் ஆதி மனிதனின் நேர் வாரிசு’ என்று பதிந்துவிடுகிறது. பிறகு நம் மேடைகளில் கேட்க வேண்டுமா? ‘உலகின் முதல் மனிதன் தமிழன் என்று டி.என்.ஏ. சொல்லிவிட்டது’ என்று நானே இரண்டு கூட்டங்களில் கேட்டுக் கைதட்டியும் இருக்கிறேன். அப்புறம் யோசித்தால் கூச்சமாக இருந்தது. எம்130 ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உண்டு, மங்கோலியரிடமும் உண்டு. இன்று உயிரோடிருக்கும் எவரும் ஆதி மனிதனுக்கு மற்றவரைவிடக் கிட்டத்து வாரிசு அல்லர். பழைய அடையாளம் ஒருவரிடம் தங்கிவிட்டது என்பதால் அவர் பழைய மனிதர் ஆகிவிடமாட்டார். தாத்தா காலத்துப் பித்தளைச் செம்பு என் வீட்டில் இருக்கிறது, தம்பி வீட்டில் இல்லை. அதனால் நான்தான் மூத்த வாரிசு, அவன் வாரிசே அல்லன் என்று ஆகுமா?

பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் நிதானமானவை. பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டில் 12 பழங்குடி, 19 பிற சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். தந்தைவழிப் பிரிவுகள், வருண முறை வருவதற்கு முன்பே, 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை பரவியதை ஒட்டி ஏற்பட்டவை என்பது அவர்கள் முடிவு. அடுத்த வருஷம் பிரியா மூர்ஜானி, தங்கராஜ், லால்ஜி சிங், டேவிட் ரைக் முதலானோர் 73 குழுக்களை முழு மரபணுத் தொகுதி வழியே ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்திய மக்களிடையே பெருங்கலப்பு நடந்தது, அதன் பிறகே அகமணம் இறுகியது என்றார்கள். ஒன்று ‘முன்பே பிரிந்தோம்’ என்கிறது, மற்றது ‘வெகுநாள் கலந்தோம்’ என்கிறது. முன்னது தகப்பன் வழி ஒற்றை நூலைப் பார்த்தது, பின்னது முழுத் துணியைப் பார்த்தது. இந்த வேறுபாட்டை மறந்து, வேண்டிய வரியை மட்டும் எடுத்து மேடையேறுவது நம் பெரிய தவறு.

இனி வீட்டு வம்சாவளிக்கு வருவோம். 2005இல் நேஷனல் ஜியோகிராபிக் நிறுவனமும் ஐ.பி.எம்.மும் தொடங்கிய ஜெனோகிராபிக் திட்டத்தில், பணம் கட்டியவர்க்கெல்லாம் சோதனைப் பெட்டி அனுப்பினார்கள். 2019இல் அதன் விற்பனை நின்றது. அதற்குள் பல கம்பெனிகள் வந்துவிட்டன. நம் திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையத்தில் செய்யும் மரபணுக் கைரேகைச் சோதனை வேறு. இவர் இவருக்குப் பிள்ளையா என்பது போன்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். வம்சச் சோதனை ஊர் பேர் தெரியாத முன்னோரைத் தேடுவது.

கணக்கைப் பாருங்கள். பத்துத் தலைமுறை பின்னே போனால் முன்னோர் 1,024 பேர். ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைக் காட்டும். தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைக் காட்டும். மிச்சம் 1,022 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடமிருந்து ஒரு துணுக்குகூட நம் உடம்பில் இருக்காது. அவர்கள் நமக்கு முன்னோர் இல்லை என்று சொல்ல முடியுமா? இங்கே நாம் பழகும் மலையாளிகளில் பல குடும்பங்கள் மருமக்கத்தாயத்தில் வந்தவை. அவர்கள் தறவாட்டுக்குத் தாய்வழி நூல் பொருந்தும், நமக்குத் தகப்பன் வழி நூல். ஒரே தெருவில் இரண்டு வீட்டாரும் ‘வம்சம்’ என்று சொல்வது இரண்டு வெவ்வேறு நூல்களை.

‘தென்னிந்தியா இத்தனை சதவீதம்’ என்று வருகிறதே, அது கம்பெனி வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. மாதிரி கூடினால் சதவீதம் மாறும். என் மகளுக்கு முதலில் காட்டிய ஒரு சிறு வெளிதேசப் பங்கு அடுத்த வருஷம் காணாமல் போயிற்று. “அப்பா, ஒரு பாட்டியை எடுத்துட்டாங்க!” என்று சிரித்தாள். நான் சொன்னேன்: “இது ஐந்தொகைம்மா. பேரேடு இல்லை.” ஐந்தொகையில் மொத்தம் தெரியும், யாரிடம் எப்போது வாங்கினது என்று தெரியாது.

அந்த மகள்தான், மூன்று வருஷம் முன்பு நான் அமெரிக்கா போயிருந்தபோது, “நீங்க துப்பிக் குடுத்தாத்தாம்ப்பா உங்க வழி தெரியும், எனக்கு ஒய் கிடையாது” என்றாள். துப்பிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் ஒரு பெயர் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், பூர்வீகம் செய்யாறு பக்கம். எனக்கு மூன்றாம் தலைமுறைப் பங்காளி என்றும், தகப்பன் வழி நூல் ஒன்றேதான் என்றும் திரை சொன்னது. நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். செய்யாற்றுப் பக்கம் பங்காளிகள் இருப்பதாக அப்பா சொன்னதே இல்லை.

உடனே நம்பவில்லை. தமிழ்ச் சமணர் சிறு சமூகம், சில ஊர்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை. மாமன் மகள், அத்தை மகன் என்று திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே முன்னோர் பல வழியில் வந்து சேர்வதால், ஆறேழு தலைமுறை தள்ளிய உறவுகூடச் சோதனையில் மூன்றாம் தலைமுறை மாதிரித் தெரியும். தகப்பன் வழி நூல் ஒன்றாயிருந்தாலும் அந்தப் பொது முன்னோர் பல நூறு ஆண்டு பழையவராக இருக்கலாம். அகமணச் சமூகத்தார் யாவரும் இந்த எச்சரிக்கையை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

பதில் கிடைத்தது பழைய நாள்வழியில். சாலைக் கம்போளத்தில் இருந்த கிடங்கைக் காலி செய்தபோது அப்பாவின் ஏடுகளில் பாதியைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டேன். அந்தப் பாவம் என்னுடையது. மிச்சத்தில் கொள்ளுப்பாட்டி வீட்டுச் சிவப்புத் துணி அட்டை ஏடு ஒன்று இருந்தது. பிலவ வருஷம் தை மாதம், அதாவது 1902 தொடக்கம்: ‘சுவீகாரம் வகையில் பத்திரச் செலவு, வெற்றிலை பாக்கு, பையனுக்கு வேட்டி’ என்று பற்று. பக்கத்தில் செய்யாற்றுப் பக்கத்து அந்த ஊர்ப் பெயர். என் தாத்தா தத்துப்பிள்ளை. கணவனை இழந்த ஒருத்தி தானே முடிவு செய்து எடுத்து வளர்த்த பிள்ளை. சமணரிடையே தத்து என்பது சடங்கு அல்ல, உலகியல் ஏற்பாடு. விதவை, கணவன் முன்னனுமதி இல்லாமலே தத்து எடுக்கும் வழக்காற்றை, ஜபல்பூர்ச் சமணர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1962இல் ஏற்றது.

ஊரிலிருக்கும் தம்பியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அண்ணா, அப்போ நாம அந்த வம்சமே இல்லையா? இதை யாருக்கும் சொல்லாதீங்க. என்னைக் கேக்காம ஏன் குடுத்தீங்க?” என்றான். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் எச்சிலில் அவன் வம்சமும் இருக்கிறது. என் ஒருவன் சம்மதத்தில் அவன் குடும்பத்தையும் திறந்து வைத்துவிட்டேன். இந்த அபாயத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. 23அண்ட்மீ என்ற கம்பெனியில் 2023இல் 69 லட்சம் பேர் விவரம் களவுபோனது. அதே கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்து, பின்பு கைமாறியது. எங்கள் பெட்டி வேறு கம்பெனியுடையது. ஆனால் எந்தக் கடைக்கும் ஒருநாள் கதவு சாத்தும் வேளை வரும், சரக்கு யார் கைக்குப் போகும் என்பதை வியாபாரி அறிவான்.

தம்பியின் முதல் கேள்விக்கு மட்டும் பதில் உண்டு. அது சிதறாலில் இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்து, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள திருச்சாரணத்துமலை அது. மார்த்தாண்டம் வழியாகப் போகலாம். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. பேரயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்திகள் பகவதிக்குப் பொன் கொடுத்ததை அது சொல்கிறது. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. அந்த அம்மையாரின் தகப்பன் பெயர் கல்வெட்டில் இல்லை. ஆசிரியர் பெயர்தான் இருக்கிறது. அவர் துறவி, வாரிசு இல்லை. எந்தச் சோதனைப் பெட்டியும் அவரைக் கண்டுபிடிக்காது. ஆயினும் அந்த மலையில் ஏறும் ஒவ்வொரு தமிழ்ச் சமணனும் அவரை முன்னோராகவே வணங்குகிறான். யார் கொடுத்தார், யார் ஏற்றார் என்பதும் மரபுதான். கொள்ளுப்பாட்டி ஏற்றாள், ஆகவே தாத்தா அவள் பிள்ளை. இதை எந்த எச்சிலும் தள்ளுபடி செய்ய முடியாது.

அதற்காகச் சோதனையே வீண் என்று சொல்லவில்லை. அகமணச் சமூகங்களில் சில நோய்க்கூறுகள் தங்கிவிடும். வைசிய சமூகத்தாரில் சிலருக்கு மயக்க மருந்து வகை ஒன்று ஆபத்தாவது மரபணு காரணம் என்று கண்டது உயிர்காக்கும் அறிவு. எங்கள் வீட்டிலும், அந்தத் திரை கேள்வி கேட்டதால்தான் நான் ஏட்டைப் புரட்டினேன். கேள்வி கேட்டது மரபணு, சாட்சி சொன்னது ஏடு. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கும்போதுதான் வம்பு வருகிறது. வெல்ஸின் நூலைப் படித்துவிட்டு நாம் செய்ததும் அதுவே. மனிதகுலத்தின் ஐந்தொகையை எடுத்து நம் வீட்டுப் பேரேடு என்று படித்தோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி வாங்குமுன் அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்ததைத் தாங்கிக்கொள்வீர்களா என்றும் யோசியுங்கள். அதற்கும் முன்னால், பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், கோயில் நன்கொடை ரசீது, கடைக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். வீட்டு மூத்த பெண்களைப் பேசச் சொல்லி எழுதுங்கள். தத்துப் போனது, வந்தது, ஊரைவிட்டு ஓடியது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எச்சில் அடுத்த வருஷமும் ஊறும். அவர்கள் இருப்பார்களா?

தம்பி இந்தப் பொங்கலுக்கு இங்கே வந்திருந்தான். நாங்கள் வம்சாவளியைப் புதிதாக எழுதினோம். தாத்தா பெயருக்கு மேலே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறோம், ஒன்று வந்தவாசிக்கு, ஒன்று செய்யாற்றுக்கு. சிங்கப்பூர்க்காரருக்குக் கடிதம் எழுதத் தம்பி சம்மதித்துவிட்டான். இரண்டாவது கோட்டைப் போட்டது அவன் கைதான்.