கைக்கெட்டும் கரும்பலகை

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில், செயல்வழிக் கற்றலுக்காகச் சுவரின் அடியில் ஓடவிட்ட கரும்பலகை எனக்கு மிகவும் பிடித்தது. சம்மணமிட்ட குழந்தையின் கைக்கு எட்டும் உயரம், ஆளுக்கொரு கட்டம். பக்கத்தில் கொட்டாங்குச்சி, அதில் ஈரப் பஞ்சு, பஞ்சின்மேல் பச்சைப்பயறு. இரண்டாம் நாள் தோல் வெடித்து வெள்ளையாக ஒன்று நீளும். இலைக்கு முன்னால் வேர்தான் வரும் என்பதைக் கண்ணால் கண்ட பரபரப்பில் சாக்பீஸ் கிறீச்சிடும்: ‘பயறுக்கு வால் வந்துச்சு.’ உள்ளங்கையால் அழித்து, ‘வேர்’ என்று திரும்ப எழுதுவார்கள். விரலெல்லாம் வெள்ளை மாவு.

டீச்சரின் பொறுமை தனி அழகு. இடம்வலம் மாறி நிற்கும் எழுத்தை உடனே திருத்தமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, “நாளைக்கு என்ன வரும், சொல்லு கண்ணு?” என்பார். அடுத்த வரிக்குச் சாக்பீஸ் தயாராகிவிடும்.