படம் நிறுத்திய இடம்

'சம்திங் தி லார்ட் மேட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் திரைப்படம் 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் ஜோசப் சார்ஜென்ட். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பர் 29-ஆம் நாள் ஒரு 'நீலக் குழந்தை'க்கு நடந்த அறுவைச் சிகிச்சையே கதையின் மையம். யோசனை தந்தவர் டாக்டர் ஹெலன் டாசிக். கத்தியைப் பிடித்தவர் டாக்டர் ஆல்ஃபிரட் பிளேலாக். நாய்களிடம் செய்து பார்த்து முறையை வகுத்தவரோ கல்லூரிப் பட்டமில்லாத கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ். பிளேலாக்கின் பின்னே சிறு மேடைமேல் நின்று அவர் வழிகாட்டியது கற்பனையன்று, வரலாறு. அவருக்குரிய புகழை நிறபேதம் நெடுங்காலம் மறைத்ததைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது. இதற்காகவே நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்ததும் நீல உதடு சிவக்கிறது. நாமும் கண்ணீர் மல்க எழுந்துவிடுகிறோம். ஆண்டுகள் கழித்து அந்தத் தமனிக்கு என்ன நேரும் என்பதைப் படம் விரித்துரைக்கவில்லை. தையலிட்ட இடத்தில் தழும்பு இறுகலாம். குழந்தை வளரும், தழும்பு அதற்கேற்ப வளராது. தமனி அங்கே சுருங்கிவிடும்.

சுருக்கம் சிறிதுதானே என்று எண்ணாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் நுண்குழாயில் நீரை ஓடவிட்டு நாம் சரிபார்க்கும் பாய்சொய் விதியை நினைவு கூருங்கள். அழுத்த வேறுபாடு மாறாதிருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகும். துடிக்கின்ற, நெகிழ்கின்ற தமனிக்கு இவ்விதி அப்படியே பொருந்தாதுதான். ஆயினும் விட்டம் சற்றுக் குறைந்தாலும் தடை பன்மடங்கு கூடும் என்ற பாடம் பொருந்தும். ஒரு நுரையீரலுக்கு இரத்தம் குறையும். இதயத்தின் வலக் கீழறை வலிந்து உழைக்க நேரும்.

இதற்கும் வழி உண்டு. சுருங்கிய பகுதியை நீளவாக்கில் திறந்து, இதய உறைத் துண்டை ஒட்டாக வைத்துத் தைத்து அகலமாக்குகிறார்கள். சிலருக்குப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். ஆனால் சுருக்கம் இருப்பது தெரிந்தால்தானே இவற்றைச் செய்ய முடியும்?

படம் வெற்றியோடு முடியலாம். சிகிச்சை அப்படி முடிவதில்லை. பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்துகொண்ட பிள்ளை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், நன்றாகத்தான் ஓடி விளையாடுகிறான் என்று மறுபரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.