வீளையும் பார்வையும்: முயல் வேட்டை ஒலிகளை மொழிபெயர்த்தல்

வேட்டை பற்றிய ஆங்கில நூலொன்றைத் தமிழாக்குபவர் 'கால்' என்னும் சொல்லை எதிர்கொள்ளுமிடத்து 'அழைப்பு' என எழுதி மேலே செல்லுதல் எளிது. அகராதி வழி நின்று நோக்கின் அதில் பிழை காண இயலாது. பிழை சொல்லில் இல்லை. அச்சொல் சுட்டும் செயலில் உள்ளது. ஆங்கிலச் சொல் வேட்டுவன் வாயால் எழுப்பும் ஒலியையும், அவ்வொலியைத் தரும் ஊதுகுழலையும் ஒருங்கே குறிக்கும். ஆனால் அவ்வொலி விலங்கை வரவழைப்பதா, ஓடுவதை நிறுத்துவதா, ஒளிந்திருப்பதைக் கிளப்புவதா என்பதை அச்சொல் தெளிவாக்குவதில்லை. தமிழ் மரபில் இவை வெவ்வேறு செயல்கள். இதற்கு முயல் தக்க சான்றாகும்.

முயல் பெரும்பாலும் குரலெழுப்பாத விலங்கு. பிடிபட்டபோதும் காயமுற்றபோதும் மட்டும் கீச்சிட்டு அலறும். மேலைநாடுகளில் 'முயல் அழைப்பு' என விற்கப்படும் குழல் இவ்வலறலைப் போலச் செய்வதாகும். அதனைக் கேட்டு வருவது பெரும்பான்மையும் முயலன்று. இரை கிடைத்ததெனக் கருதிய நரி முதலிய ஊனுண்ணிகளே. ஆகவே இத்தொடரை 'முயலை அழைத்தல்' என இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'முயலினது அலறல்' என ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரிப்பதே உண்மை நிலைக்குப் பொருந்துவது. ஓடும் முயலைக் கூர்மையான சீழ்க்கையால் ஒரு கணம் நிற்கச் செய்யும் வழக்கமும் அந்நாட்டு வேட்டைக்காரரிடம் உண்டு. அதனையும் அழைப்பு என்று பெயர்த்தால் வாசகர் முயல் அருகே வந்ததாகவே கொள்வர்.

சங்கப் பாடல்கள் இவ்வகையில் மிகத் துல்லியமானவை. அகநானூற்றின் 394ஆம் பாடலில் இடையன் வாயை மடித்து எழுப்பும் வீளையொலிக்கு அஞ்சிய குறுமுயல் ஊர்மன்றத்துப் புதரில் ஒளிகின்றது. அந்நூலின் 274ஆம் பாடலில் ஆட்டுக்குட்டிகளை நோக்கியிருந்த குறுநரி அதே வகை வீளையைக் கேட்டு முட்புதரிடையே ஓடுகின்றது. இரண்டிடத்தும் வீளை விலங்கை அகற்றுவதே. பேரகராதி வீளைக்குச் சீழ்க்கை எனப் பொருள் தருகிறது, அது போதுமானதே. ஆயின் அவ்வொலியைப் பெயர்ப்பில் 'அழைப்பு' ஆக்கிவிட்டால், மந்தையைக் காக்கும் இடையன் வேட்டுவனாகி விடுவான். அகப்பாடலில் இது சிறிய பிழையன்று. முல்லை குறிஞ்சியாக மாறிவிடும்.

மற்றொன்றும் இவண் நோக்கத்தக்கது. இலக்கண உரைகளில் வீளை, முற்கு முதலியன எழுத்தாகா ஓசைகளாக எண்ணப்பட்டன. எழுத்தாகாத ஓசைக்குப் புலவர்கள் வாயை மடித்தல் என்னும் ஒலிப்பு முறையையே அடையாகத் தந்துள்ளனர். பிற்கால அகராதிகள் பலவற்றில் இவ்வளவு விளக்கமும் கிடைப்பதில்லை.

வரவழைத்தலுக்குரிய பழஞ்சொல் 'பார்வை'. விலங்கையோ பறவையையோ பிடிப்பதற்குப் பழக்கி நிறுத்திய அதன் இனத்தையே அச்சொல் குறித்தது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடில் முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டுள்ளது. அதே பகுதியில் சற்றுப் பின்னர் முயல் வேட்டை வருகிறது: பகலில் நாய்களுடன் சென்று, புதர்களை அடித்துக் கலைத்து, தொடர்வலை மாட்டி, முயல் தப்பாதபடி வளைக்கின்றனர். மானுக்குப் பார்வை, முயலுக்கு வலையும் நாயும் ஆரவாரமும். உருத்திரங்கண்ணனார் இவ்விரண்டையும் மயங்க வைக்கவில்லை. பிற்காலத்தில் உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், இறைவன் மானுட வடிவில் குருவாக வருதலுக்குப் பார்வை விலங்கையே உவமையாக்கினார். இச்சொல்லின் வேட்டைப் பொருள் வழக்கிழந்துவிட்டமையால் அவ்விடத்தைக் 'கண்ணோக்கு' எனப் பெயர்ப்பவர் சித்தாந்தக் கருத்தையே இழந்துவிடுவர்.

குரலால் வரவழைக்கும் கலை தமிழகத்தில் இல்லாமற் போனதன்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில், குருவிக்காரர் நரியின் ஊளையைப் போலச் செய்து நரிகளை அருகே வரச்செய்யும் முறை இடம்பெற்றுள்ளது. 'நரிக்குறவர்' என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை 'வாக்ரி' என்பர். அப்பெயரை வலையைக் குறிக்கும் 'வாகுரா' என்னும் வடசொல்லோடு இணைத்துக் கூறுவதுண்டு. அயலார் அவர்தம் இரையைக் கண்டு பெயரிட்டனர். அவர்களோ தம் கருவியால் பெயர் பெற்றவராகத் தோன்றுகின்றனர். இவர்தம் இந்தோ-ஆரிய மொழியான வாக்ரிபோலி பற்றிக் கோ. சீனிவாச வர்மாவின் ஆய்வு 1970இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஒலியனும் உருபனும் ஆராயப்பட்ட அளவுக்கு, அம்மக்களின் போலிக்குரல்கள் மொழியியலாரின் கருத்தைக் கவரவில்லை.

மும்பைப் பகுதியில் இச்சிக்கல் வேறு உருக்கொள்கிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் தமிழும் மராத்தியும் அடுத்தடுத்து வழங்குகின்றன. மராத்தியிலிருந்து தமிழாக்குவோர் 'பாசே பார்தி' என்னும் வேட்டைச் சமூகத்தின் பெயரை எதிர்கொள்ள நேரும். முற்கூறு கண்ணியைக் குறிப்பது. தமிழில் கயிற்றையும் தளையையும் குறிக்கும் 'பாசம்' இதற்கு உறவுச்சொல். பிற்கூறு வேட்டையைக் குறிக்கும் மராத்திச் சொல்லின் வழி வந்தது. மூச்சொலியைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லாமையால் இதனைப் 'பாரதி' என எழுதுவாரும் உளராயின், வாசகர் நினைவு எட்டயபுரத்துக்குச் சென்றுவிடும்! 'கண்ணி வேட்டுவர்' என ஒருமுறை விளக்கிவிட்டு மூலப்பெயரைப் பேணுதல் தகும். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த 'குற்றப் பரம்பரை' முத்திரையை 1952 வரை சுமந்த மக்கள் இவர்கள். ஆதலின் கவுதாரியின் குரலைப் போலச் செய்யும் இவர்தம் திறனை 'ஏமாற்றுக் குரல்' எனப் பெயர்ப்பது, அம்முத்திரையை மொழிபெயர்ப்பாளரே மீண்டும் குத்துவதற்கு ஒப்பாகும். 'போலிக்குரல்' என்பதிலும் அந்நிழல் சிறிது உண்டு, 'ஒப்புக்குரல்' எனலாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்ட பின்னரும் தடை நீடிக்கிறது. தடை வேண்டுவதே. ஆனால் வேட்டை நின்ற இடத்தில் வேட்டைச் சொற்களும் ஒலிகளும் ஒரு தலைமுறைக்குள் மறைகின்றன. காட்டுக்குச் செல்லாமலே முதியோரிடம் இவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய இயலும். அவ்வாறு பதிவு செய்வோர் ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று செய்திகளைக் குறித்தல் வேண்டும்: உதடு, நா, கை ஆகியவற்றுள் எதனால் எழுப்பப்பட்டது, எவ்விலங்கின் குரலை ஒத்தது, கேட்ட விலங்கு வந்ததா, நின்றதா, ஓடிற்றா. மூன்றாவது செய்தி இல்லாத பதிவைக் கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு வினைச்சொல்லைக்கூடத் தேர்ந்தெடுக்க இயலாது.