அடிக்குறிப்புத் திருட்டு

ஆய்வேடுகளில் நிகழும் எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40 வரையெனில் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரையெனில் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதனையும் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். தேவையான விதிகளே. ஆயினும், கணிப்பொறி காண்பது சொல் ஒற்றுமையை மட்டுமே. சொல்லை மாற்றிப் பொருளை வைத்துக்கொள்பவரை அது என்ன செய்யும்?

முன்னோர் மொழியை எடுத்தாள்வதை நன்னூலே ஏற்கிறதே என்பார் உளர். உண்மைதான். ஆனால் அந்நாளில் கற்றோர் நெஞ்சில் மூலநூல் மனப்பாடமாக இருந்தது. எடுத்தவர் சொல்லாவிட்டாலும் கேட்டவர் அறிந்தார். வழிநூல் என்ற பெயரே முதல்நூல் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்வதல்லவா? எவரும் புரட்டிப் பாராத ஆய்வேட்டிலிருந்து பத்தி பத்தியாய் எடுப்பவருக்கு நன்னூலார் எப்படித் துணை நிற்பார்?

நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. சீறாப்புராணம் முதன்முதலில் அச்சேறியது 1842-இல். இன்றைய மாணவர் ஒருவரின் அடிக்குறிப்பு அந்தப் பதிப்பையே சுட்டுகிறது. மேலே உள்ள பாடலோ இக்காலப் பதிப்பில் உள்ளவாறு சந்தி பிரித்து நிற்கிறது! பழைய பதிப்பை அவர் கண்ணாலும் கண்டிலர். முன்னொருவர் தேடி அலைந்து கண்டெழுதிய குறிப்பைப் பக்க எண்ணோடு பெயர்த்துக்கொண்டு, தேடியவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார். முன்னவர் பக்க எண்ணைப் பிழையாக எழுதியிருந்தால், அப்பிழையும் ஏடு விட்டு ஏடு தாவி வாழ்கிறது. விழுக்காட்டுக் கணக்கில் இது திருட்டாக ஏறுவதில்லை. பரந்த படிப்பு என்று பாராட்டுங்கூடக் கிடைக்கிறது.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதற்கு நிகரான செயலைத் 'தத்லீஸ்' என்றனர். இடையில் நின்று அறிவித்தவரை மறைத்து, அவருக்கும் மேலுள்ள ஆசிரியரிடமே நேரில் கேட்டது போன்ற தோற்றம் தருவது அது. செய்தி மெய்யாகவே இருக்கலாம். இருந்தும் அவ்வாறு செய்பவரின் அறிவிப்பை அவர்கள் ஐயத்தோடுதான் அணுகினர்.

இன்னார் நூலில் எடுத்துக்காட்டப் பெற்றது என்று ஒரு வரி சேர்ப்பதால் மாணவர்க்கு என்ன குறைந்துவிடும்? வாய்மொழித் தேர்வில் அடிக்குறிப்பிலுள்ள மூன்று நூல்களைச் சுட்டி, இவற்றை எந்த நூலகத்தில் பார்த்தீர் என்று கேட்டாலே பாதி வெளிச்சமாகிவிடும். அக்கேள்வி பல தேர்வுகளில் எழுவதில்லை. கேட்க வேண்டியவர் தம்முடைய ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளை எண்ணித் தயங்குகிறாரோ, என்னவோ!