எந்தப் பால்?

நம் தோட்டக் கதைகளில் 'பால்' என்றால் ரப்பர் பால்தான். மலாயாத் தோட்டங்களைப் பற்றி அகிலன் எழுதிய நாவலுக்கே பெயர் 'பால்மரக் காட்டினிலே'. மரம் போனதற்கு நிறைய அழுதுவிட்டோம். மாடு மட்டும் கதையின் ஓரத்தில் கட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசுவார்கள், சீக்கு வந்தால் சாகும், அவ்வளவுதான்.

லயம் கம்பெனியுடையது. மரமும் கம்பெனியுடையது. அப்பன் பிள்ளைக்கு விட்டுப்போக இருந்தது கறவை மாடுதான். அதுவும் தொரை மேய விட்டால்!

ஆயர் தாவார் மாதிரி ஊர்களில் தோட்டம் செம்பனையாகி, லயம் காலியான பிறகு மாட்டோடு வெளியே வந்தவர் அரசு நிலத்துக்குக் கேட்கக்கூடியது டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம். 1965 தேசிய நிலச் சட்டப்படி அது டிசம்பரோடு முடியும். வேண்டுமென்றால் மறுபடி புதுப்பிக்கணும். பிறர் பேருக்கு மாற்ற முடியாது. 68ஆம் பிரிவு இன்னும் தெளிவு: வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் முடிந்தது. மாடு மகனுக்கு வரும், கொட்டகை நிற்கிற மண் வராது.

இதை விட்டுட்டு, 'இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சாணி நாத்தம் பிடிக்கல' என்று ஒரு கதை முடிந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நாலு மணிக்கு எழுந்து கறக்கப் பிடிக்காத பிள்ளைகள் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் மரணச் சான்றிதழோடு நில அலுவலகக் கவுண்டரில் நிற்கிற மகனை நம் கதைகளில் நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எழுதுங்களேன்.