கபுஷின்ஸ்கியின் ஈரானில் இல்லாதவர்கள்

ரிஷார்ட் கபுஷின்ஸ்கியின் ‘ஷா ஆஃப் ஷாஸ்’ நூலைப் படித்தவர்களுக்கு அந்த ஒரு காட்சி மறக்காது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவனை போலீஸ்காரர் அதட்டுகிறார், வீட்டுக்குப் போ என்று. அடுத்து என்ன நடக்கும் என்பது இருவருக்கும் பழக்கம். இந்த முறை அவன் நகரவில்லை. நின்று பார்க்கிறான். கத்தல் மெல்ல ஓய்கிறது. பயம் போய்விட்டது, புரட்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது என்கிறார் கபுஷின்ஸ்கி.

அபாரமான எழுத்து, அதில் சந்தேகமே இல்லை. அவர் எழுதியதில் எவ்வளவு புனைவு என்று 2010-இல் தோமொஸ்வாவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாறு வந்த பிறகு நிறையப் பேசிவிட்டார்கள். அது என் பிரச்சினை இல்லை. பயம் போனதைக் காரணமாகக் கொடுத்துவிட்டு நூல் நகர்ந்துவிடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் மறுநாள் அறிக்கை எழுதவேண்டும். ‘மெமரி தீர்ந்துவிட்டது’ என்று எழுதினால் திரும்பி வரும்: சரி, ஏன் தீர்ந்தது?

பயம் ஏன் 1978-இல் போனது? சாவாக் அதற்கு முன்பும் இருந்தது, சித்திரவதையும் இருந்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை நான்கு மடங்கானது. பணம் கொட்டியது, கூடவே விலைவாசியும் தெஹ்ரான் வீட்டு வாடகையும் எகிறின. நிலச் சீர்திருத்தத்தில் பிழைக்க வழியில்லாமல் போன கிராமத்தார் நகர ஓரங்களில் குடியேறினார்கள். 1975-இல் ஷா எல்லாக் கட்சிகளையும் கலைத்து ரஸ்தாகீஸ் என்ற ஒரே கட்சியை வைத்தார். சேர விருப்பமில்லாதவர் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றார். அதே ஆண்டு விலைக் கட்டுப்பாடு என்று மாணவர்களைத் திரட்டி பஜாருக்குள் சோதனைக்கு அனுப்பினார். அபராதம், சிறை. அதுவரை அரசியலை விட்டு ஒதுங்கியிருந்த கடைக்காரர்களுக்கும் அரசு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

கட்சி, சங்கம், பத்திரிகை எல்லாவற்றையும் ஷாவே இடித்துவிட்ட பிறகு மிச்சம் இருந்த கூரை பள்ளிவாசல்தான். ஜனவரி 1978-இல் கோம் நகரில் ஆட்கள் சுடப்பட்டார்கள். நாற்பதாம் நாள் துக்கம் தப்ரீஸில். அங்கேயும் சாவு, மறுபடி நாற்பது நாள். போராட்டத்துக்கு நாள் குறிக்க கட்சி அலுவலகம் தேவைப்படவில்லை, சடங்கே குறித்துக் கொடுத்தது. பள்ளிவாசலின் இந்தப் பங்கைக் கபுஷின்ஸ்கி நன்றாகவே பார்த்திருக்கிறார்.

அவர் பார்க்கத் தவறியது எண்ணெயை. ஆச்சரியமாக இருக்கலாம், ஏனென்றால் நூலில் எண்ணெயைப் பற்றித்தான் அவ்வளவு அழகாக எழுதுகிறார். ஆனால் அங்கே எண்ணெய் என்பது மயக்கம், லஞ்சம், திடீர்ப் பணம். அது ஒரு வேலை இடம் என்பதே தெரியாது. 1978 அக்டோபரில் அபாதானிலும் அஹ்வாஸிலும் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் கேட்கவில்லை. ராணுவச் சட்டத்தை நீக்கு, அரசியல் கைதிகளை விடு என்றார்கள். நாளுக்கு ஐம்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த உற்பத்தி அதில் சிறு பங்காகச் சுருங்கியது. ஷாவின் ராணுவம் தெருவில் சுடலாம், ஆனால் துப்பாக்கி முனையில் ஒரு சுத்திகரிப்பு ஆலையை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

இதைச் சொல்வது பட்டியலில் இன்னொரு காரணம் சேர்க்க இல்லை. புரட்சியைக் கூட்டமாகவும் பயமாகவும் மட்டும் சொன்னால் பிறகு நடந்தது இயற்கை மாதிரி ஆகிவிடும்: கூட்டம் மதத்தோடு வந்தது, மதம் ஆட்சிக்கு வந்தது, அவ்வளவுதான் என்று. ஹிஜாபைக் கட்டாயமாக்கும் அறிவிப்பை எதிர்த்து, 1979 மார்ச் 8 அன்று, ஷா விழுந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, தெஹ்ரான் தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினார்கள். ஆலைகளில் தொழிலாளர் குழுக்கள் இருந்தன. அவற்றைக் கலைக்க புதிய அரசுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. தோற்றார்கள் என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு.

இவர்களைத் தேடுகிறவர்கள், கபுஷின்ஸ்கியின் போலிஷ் மூலம் வந்த அதே 1982-இல் வெளியான எர்வாண்ட் ஆப்ரஹாமியனின் ‘ஈரான் பிட்வீன் டூ ரெவல்யூஷன்ஸ்’ பக்கம் போகலாம். வறட்டு நடைதான், காட்சி எதுவும் மனதில் ஒட்டாது. ஆனால் யார் எந்த வர்க்கம், எந்தத் தொழில், எந்த ஊர் என்று கணக்கு வைத்திருக்கிறார். ஷா இன்னும் நாட்டைவிட்டுப் போகாத நாட்களில், உள்நாட்டுக்கு மட்டுமாவது எண்ணெய் எடுங்கள் என்று கேட்க கோமெய்னி பாசர்கானை எண்ணெய் வயல்களுக்கு அனுப்பினார். ஆணை மட்டும் போதவில்லை, ஆள் போய் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது.